குடியிருக்க ஊர் பாக்கணும்னா மழை மாசத்துல போங்க – வியட்நாம்ல வீடு தேடி சுத்துன அனுபவம்

என் வீட்டுக்காரர் வி.ஆர்.எஸ் வாங்குனதுல இருந்து எங்க வீட்ல ஓடுற ஒரே பேச்சு இதான், உடம்புல தெம்பு இருக்கும்போதே கொஞ்ச காலம் வெளிநாட்டுல இருந்து பாக்கலாமா, பென்ஷன் பணத்துல சமாளிக்கிற மாதிரி, குளிர் இல்லாத, கடல் இருக்குற, சோறும் மீனும் கிடைக்கிற ஒரு ஊரா பாத்து. பொண்ணு ஹாஸ்டல்ல படிக்கிறா, மாமியார் கடலூர்ல நாத்தனார் வீட்ல இருக்காங்க, அதனால இப்ப விட்டா அப்புறம் முடியாதுன்னு ரெண்டு பேருக்குமே தோணுச்சு. மலேசியாவ பாத்தோம், அங்க நீண்டகால விசாவுக்கு பெரிய தொகையா டெபாசிட் கேக்குறாங்க, நம்மால ஆகாது. கடைசியில வியட்நாம்னு முடிவு பண்ணோம்.

நான் முத்தியால்பேட்டை. புதுச்சேரிக்காரங்களுக்கு சைகோன் (இப்ப ஹோ சி மின் சிட்டின்னு சொல்றது) ஒண்ணும் புது பேரு கிடையாது, பிரெஞ்சு காலத்துல இங்க இருந்து எத்தனையோ குடும்பம் குமாஸ்தா வேலை, போலீஸ், பட்டாளம்னு அங்க போய் இருந்தவங்கதான். ஒயிட் டவுன்ல இப்ப யூகோ பேங்க் இருக்குற அந்த பழைய கட்டடம்கூட ஒரு காலத்துல இந்தோசீனா பேங்க்தான், வியட்நாம் பக்கத்துக்கு பிரெஞ்சுக்காரங்க வெச்ச பேரு அது. எங்க தெருவுலயே ஒரு ஆயா இருக்காங்க, அவங்க அம்மா வியட்நாம்காரங்க, இப்பவும் அவங்க வீட்ல விசேஷம்னா நெம், அதான் அந்த ஊர் பொரிச்ச ரோல், சுடுவாங்க. நாங்க போறோம்னு சொன்னதும் அந்த ஆயா சொன்ன ஒரே விஷயம், "மழைய பாத்துட்டு வீட்ட பாரு"ன்னுதான்.

அதனாலயே வேணும்னே நவம்பர்ல போனோம். சொந்தக்காரங்க எல்லாம் திட்டுனாங்க, ஊர் பாக்கப் போறவன் எவனாவது அடைமழையில போவானான்னு. டூருக்கு போறவங்களுக்கு அது சரி. ஆனா நாம அங்க வருஷம் பூரா இருக்கப் போறோம்னா அந்த ஊரோட கெட்ட மாசம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாகணும். இத புதுச்சேரி, கடலூர் ஆளுங்களுக்கு சொல்லித்தர வேண்டியதே இல்ல. பிப்ரவரியில வந்து ரெயின்போ நகர் தெருவ பாத்தா யாருக்கும் வீடு வாங்கணும்னுதான் ஆசை வரும், 2024 நவம்பர் 30-ந் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்ப ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டி அங்க இருந்தவங்கள படகுல ஏத்துனத பாத்திருந்தா வேற மாதிரி யோசிப்பாங்க. அதே வாரம் கடலூர்ல என் நாத்தனார் வீட்டுப் பக்கம் மழை விட்டு வெயிலே அடிச்சிடுச்சு, அதுக்கப்புறம்தான் சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து ஏறுச்சு. மழையோட வர்ற தண்ணி வேற, மழை விட்டப்புறம் மேல இருந்து வர்ற தண்ணி வேற. இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டுதான் ஒவ்வொரு ஊரையும் பாத்தோம்.

முதல்ல விசாவ சொல்லிடறேன், ஏன்னா மத்த கணக்கெல்லாம் இதுலதான் நிக்குது. 2023 ஆகஸ்ட் 15-ல இருந்து வியட்நாம் இ-விசா 90 நாளுக்கு குடுக்குறாங்க, ஒரு தடவை நுழைய 25 டாலர், பல தடவை போய்வர 50 டாலர். ஓய்வு பெற்றவங்களுக்குன்னு தனியா ஒரு விசா அங்க கிடையாது. அதனால "வியட்நாம்ல செட்டில் ஆகலாம்"னு வீடியோ போடறவங்க பேச்ச நம்பி இங்க வீட்ட வித்துட்டு போயிடாதீங்க, நம்மள மாதிரி பென்ஷன்காரங்களுக்கு மூணு மாசம் மூணு மாசமா இருந்துட்டு வர்றதுதான் நடக்குற காரியம், ஒவ்வொரு தடவையும் புது விசா கிடைக்குமான்னும் அவங்க கையிலதான் இருக்கு. வருஷத்துல 183 நாள தாண்டுனா அங்க வரி கட்டுற ஆளா ஆயிடுவீங்க, பென்ஷன் வர்றவங்க அத ஆடிட்டர் கிட்ட முன்னாடியே கேட்டுக்கணும். நிலம் நம்ம பேர்ல வாங்கவே முடியாது, அபார்ட்மென்ட் வாங்கலாம், அதுவும் 50 வருஷத்துக்கு, ஒரு கட்டடத்துல 30 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டுக்காரங்களுக்கு விக்கக் கூடாது. நாங்க வாங்குற யோசனையே வேணாம்னு அன்னைக்கே விட்டுட்டோம்.

இ-விசா போடும்போது அரசாங்க சைட் எதுன்னு பாத்து போடுங்க, முகவரி gov.vn-னு முடியணும், அதே மாதிரி டிசைன்ல ஏஜென்ட் சைட்டுங்க நிறைய இருக்கு, நாலு மடங்கு காசு கேக்கும். நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு தலைவலி பேரு. சர்நேம் காலியா இருக்குற பாஸ்போர்ட், இனிஷியல் விரிச்சு எழுதுன பாஸ்போர்ட், இதெல்லாம் டிக்கெட்ல ஒரு மாதிரி, விசாவுல ஒரு மாதிரி வந்துச்சுன்னா ஏர்போர்ட் கவுன்ட்டர்லயே நிறுத்திடுவாங்க. பாஸ்போர்ட்டோட அடியில ரெண்டு வரி கோடு கோடா அச்சடிச்சிருக்கும்ல, அதுல பேரு எப்படி இருக்கோ அப்படியே ரெண்டு இடத்துலயும் வரணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி அவரு லைஃப் சர்டிஃபிகேட்ட போன்லயே முகம் காட்டி முடிச்சிட்டாரு. பென்ஷன் வாங்குறவங்க நவம்பர்ல வெளிய போறதா இருந்தா இத மறந்துடாதீங்க.

சைகோன். நாங்க கோலாலம்பூர் மாறி அங்க போய் இறங்குனோம். பெரிய ஊரு, மெட்ரோ முதல் லைன் 2024 டிசம்பர்ல ஓட ஆரம்பிச்சது, நல்லா இருக்கு. பென் தான் மார்க்கெட்டுக்கு பக்கத்துல ட்ருவோங் டின் தெருவுல மாரியம்மன் கோயில் இருக்கு, அத பாக்காம வரக்கூடாதுன்னு ஆயா சொல்லி விட்டிருந்தாங்க. உள்ள போனா கும்பிடறவங்க முக்கால்வாசி வியட்நாம்காரங்கதான். கட்டு கட்டா ஊதுபத்தி, சாமந்திப்பூ. கோயிலுக்கு பின்பக்கம் ஒரு அம்மா, எங்க அத்தை வயசு இருக்கும், கருங்கல் சுவத்துல நெத்தியையும் ரெண்டு உள்ளங்கையையும் அழுத்தி வெச்சுக்கிட்டு வாய்க்குள்ளயே ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க, ரொம்ப நேரம், கையில இருந்த பை நழுவி கீழ விழுந்தது கூட தெரியாம. எல்லாரும் அந்த சுவத்துக்கிட்ட போய் அப்படித்தான் வேண்டிக்கிறாங்க. நம்ம தாத்தா காலத்து ஆளுங்க கட்டுன கோயில இன்னைக்கு அந்த ஊர்க்காரங்க இவ்ளோ உயிரா வெச்சிருக்காங்களேன்னு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா குடியிருக்க சைகோன் எங்களுக்கு ஒத்துவரல. வெயில், வண்டி இரைச்சல் ஒரு பக்கம். முக்கியமான காரணம் தண்ணி. அந்த ஊர்ல மழை பெய்யாமலே தெருவுல தண்ணி நிக்கும், வருஷக் கடைசி மாசங்கள்ல அமாவாசை பௌர்ணமிய ஒட்டி கடல் ஏறும்போது ஆத்து வழியா எதுக்களிச்சு சாக்கடையில இருந்து மேல வரும். முன்னாடி டிஸ்ட்ரிக்ட் 7-ன்னு இருந்த பகுதியில ஒரு நல்ல அபார்ட்மென்ட் காட்டுனாங்க, நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கு, சாயங்காலம் வாசல்ல வந்து நின்னா ரோட்ல கணுக்கால் அளவு தண்ணி, பசங்க அதுலயே வண்டிய ஓட்டிட்டு போறாங்க. வெளிநாட்டுக்காரங்க நிறைய இருக்குற தாவ் தியன் பக்கமும் இதே கதைதான். வீடு தேடறவங்க பகல்ல போய் பாக்காம, காலண்டர்ல பௌர்ணமி பாத்து அன்னைக்கு சாயங்காலம் அந்த தெருவுல போய் நில்லுங்க.

அப்புறம் நாட்டோட நடுப்பகுதியில இருக்குற டா நாங், ஹோய் ஆன். எல்லாரும் பரிந்துரைக்கிறது இந்தப் பக்கம்தான், உண்மையிலயே அழகான ஊருங்க. ஹோய் ஆன் 1999-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த பழைய துறைமுகம், மஞ்சள் சுவரு, ஓட்டு வீடு, காகித விளக்கு, நம்ம ஒயிட் டவுன்ல நடந்து பழகுனவங்களுக்கு உடனே மனசுக்கு பிடிச்சிடும். ஆத்தங்கரையில ஒரு பழைய வீட்டுக்குள்ள டிக்கெட் எடுத்துட்டு போனோம். சுவத்துல ஆளுயரத்துக்கும் மேல வரைக்கும் கோடு கோடா போட்டு பக்கத்துல வருஷம் எழுதி வெச்சிருக்காங்க, அந்தந்த வருஷம் வெள்ளம் எது வரைக்கும் வந்துச்சுன்னு. 1964-ன்னு இருந்த கோடு என் தலைக்கு மேல இருந்துச்சு. மாடித் தரையில சதுரமா ஒரு திறப்பு, தண்ணி வர்றப்ப கீழ இருக்குற சாமான், மேஜை, சாமி படம் எல்லாத்தையும் கயிறு கட்டி அது வழியா மேல தூக்கிடுவாங்களாம். சுத்திக் காட்டுன பொண்ணு இத சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, அவங்களுக்கு அது வருஷா வருஷம் வர்ற வேலை.

நாங்க இருந்தப்பவும் ரெண்டு நாள் விடாம மழை. மூணாம் நாள் மழை விட்டுடுச்சு, வானம் வெளுத்துடுச்சு, டூரிஸ்ட்டுங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. நாங்க தங்குன வீட்டு அம்மா மட்டும் கடை சாமான மேல ஏத்திக்கிட்டே இருந்தாங்க. போன்ல மொழிபெயர்ப்பு ஆப் போட்டு ஏன்னு கேட்டோம். மேல மலையில நீர்மின் அணைங்க இருக்கு, அது நிறைஞ்சு திறந்து விட்டா தண்ணி இங்க வந்து சேர நேரம் ஆகும்னு சொன்னாங்க. எங்க ரெண்டு பேருக்கும் உடனே தென்பெண்ணைதான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி ஆறு கரை ஏறி முதல் தெருவுக்கு வந்துடுச்சு, காலையில தெருவுல படகு போகுது. அந்த அம்மா வீடு ரெண்டு தெரு தள்ளி கொஞ்சம் மேடு, அதனால படி வரைக்கும் வந்து நின்னுச்சு. ஹோய் ஆன்ல வீடு பாக்குறவங்க வீட்டுக்காரர் கிட்ட "வெள்ளம் வருமா"ன்னு கேக்காதீங்க, வராதுன்னுதான் சொல்லுவாரு. "போன தடவை தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு, காட்டுங்க"ன்னு கேளுங்க, எதிர் கடைக்காரர் கிட்டயும் அதையே கேளுங்க. ரெண்டு பேரும் ஒரே படிய காட்டுனா நம்பலாம்.

டா நாங் ஊருக்குள்ள நாங்க போனப்ப அவ்ளோ வெள்ளம் இல்ல, அங்க நாங்க பாத்த பிரச்சனை ஈரம். மி கே கடற்கரை பக்கம் எங்களுக்கு காட்டுன ஒரு பெட்ரூம் வீடுங்க மாசம் 80 லட்சம் டாங்ல (டாங்தான் அந்த ஊர் காசு) இருந்து 1 கோடியே 20 லட்சம் டாங் வரைக்கும் சொன்னாங்க, ஒரு ரூபாய்க்கு 300 டாங்னு வெச்சா 27 ஆயிரத்துல இருந்து 40 ஆயிரம் ரூபா. போட்டோவுல எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கும். அவரு எந்த வீட்டுக்கு போனாலும் முதல் வேலையா பீரோவ சுவத்துல இருந்து ஒரு முழம் இழுத்து பின்னாடி டார்ச் அடிச்சு பாப்பாரு, மெத்தைய தூக்கி அடிப்பக்கம் பாப்பாரு. பாதிக்கு மேல வீட்ல பச்சையும் கறுப்புமா பூஞ்சை. புது பெயின்ட் வாசம் அடிச்சா இன்னும் சந்தேகப்படுங்க. ஆஸ்துமா, வீசிங் இருக்குறவங்க இத விளையாட்டா எடுத்துக்காதீங்க. செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அந்தக் கரையில மழையும் புயலும் உண்டு, நம்ம ஐப்பசி கார்த்திகைக்கு இங்க தப்பிச்சு அங்க போய் அதே ஐப்பசி கார்த்திகையில மாட்டிக்கிற கதைதான் ஆகும். ஜனவரிக்கு மேல போறவங்களுக்கு நல்ல ஊரு.

பக்கத்துல மி சன்னு ஒரு இடம், அந்தக் காலத்துல அந்தப் பக்கம் ஆண்ட சாம் ராஜாக்கள் கட்டுன சிவன் கோயில்கள், செங்கல் கட்டடம், நம்ம தொல்லியல் துறைதான் போய் சில கோயில்கள சீர் பண்ணிக் குடுத்திருக்கு, 2020-ல அந்த வேலையில ஒரு சிவலிங்கம் கிடைச்சது. வீடு தேடுற அலுப்புல ஒரு நாள் லீவு எடுத்துட்டு போய் பாத்தோம், மழையில நனைஞ்ச செங்கல் அவ்ளோ சிவப்பு.

டா லாட்டுங்கிற மலை ஊர பத்தி பெருசா ஒண்ணும் சொல்ல இல்ல. 1,500 மீட்டர் உயரம், நம்ம ஏற்காடு அளவுதான், பூவும் காபியும் காய்கறியும் அருமை, ஆனா எனக்கு முட்டி வலி, அந்த ஏத்த இறக்கம் ஆகாது. நா ட்ராங் கடல் நல்லா இருக்கு, போ நகர் கோபுரத்துல அம்மன் இருக்கு, ஆனா ஊரு முழுக்க ஓட்டலா போயிடுச்சு, அங்கயும் நவம்பர்ல மழைதான்.

கடைசியா வுங் டாவ், சைகோன்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர், 2025 ஜூலையில மாநிலங்கள சேத்தப்ப அது ஹோ சி மின் சிட்டியோடயே சேந்துடுச்சு. எண்ணெய்க் கம்பெனி ஊரு, அதனால ரஷ்யாக்காரங்க ரொம்ப காலமா குடும்பத்தோட இருக்காங்க, வெளியாள பாத்து யாரும் முறைக்கிறது இல்ல. சனி ஞாயிறு சைகோன் கூட்டம் வந்து நெரியும், திங்கக்கிழமை ஊரு அமைதியாயிடும். காலையில மார்க்கெட் போனா தொட்டியில உயிரோட நண்டு, கணவா, பக்கத்துல வஞ்சிரம், சங்கரா, நாம காட்டுனத அங்கயே சுத்தம் பண்ணி குடுக்குறாங்க. கடலூர் துறைமுகத்துல மீன் வாங்கி பழகுன கண்ணுக்கு ஒரு குறையும் தெரியல. கருவேப்பிலையும் துவரம்பருப்பும்தான் கிடைக்கல, அது சைகோன் இந்தியக் கடையில வாங்கிக்கணும். சைவம் சாப்பிடறவங்க கவனிக்க வேண்டியது, கீரைப் பொரியல்ல கூட நெத்திலிய உப்புல ஊறவெச்சு எடுக்குற மீன் சாறு ஊத்துவாங்க. அங்க பௌத்தங்க அமாவாசை பௌர்ணமிக்கு சைவம் சாப்பிடறதால "சாய்"னு போர்டு போட்ட சைவக் கடை எல்லா ஊர்லயும் உண்டு, அங்க போயிடுங்க.

வண்டி விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுல உயிரும் பணமும் போகுது. அங்க யாரு கேட்டாலும் ஸ்கூட்டர் வாடகைக்கு குடுத்துடுவாங்க, லைசென்ஸ் கேக்கவே மாட்டாங்க. நம்ம ஆர்.டி.ஓ ஆபீஸ்ல வாங்குற இன்டர்நேஷனல் பெர்மிட் 1949-ல போட்ட சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி குடுக்குறது, வியட்நாம் ஏத்துக்கிறது 1968 ஒப்பந்தப்படி உள்ளத, அதனால நம்மளது அங்க செல்லாது. செல்லாத லைசென்ஸோட ஓட்டி அடிபட்டா டிராவல் இன்ஷூரன்ஸ்காரன் ஒரு பைசா தர மாட்டான். அவருக்கு இங்க முப்பது வருஷமா வண்டி ஓட்டுன கை, ஓட்டாம இருக்க முடியல, கெஞ்சி கூத்தாடி நிறுத்தி வெச்சேன். நம்ம ஓலா மாதிரி கிராப்னு ஒரு ஆப் இருக்கு, அதுல பைக்கோ காரோ கூப்பிட்டா வந்துடும், பச்சை நீல கலர்ல எலக்ட்ரிக் டாக்ஸி எல்லா ஊர்லயும் ஓடுது. வீடு பாக்கும்போதே மார்க்கெட்டும் ஆஸ்பத்திரியும் நடக்குற தூரத்துல இருக்கான்னு பாத்துட்டா வண்டியே வேணாம்.

வாடகைக்கு எடுக்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, போலீஸ்ல நம்ம பேர பதிவு பண்ணுவாங்களா. வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குனா 12 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்காரர்தான் பதியணும், ஓட்டல்ல அவங்களே பண்ணிடுவாங்க, தனி வீட்ல சில பேரு வரிக்கு பயந்து மழுப்புவாங்க. மழுப்புனா அந்த வீடு வேணாம், எவ்ளோ அழகா இருந்தாலும். ரெண்டாவது கரண்ட். மீட்டர் யாரு பேர்ல இருக்கு, யூனிட்டுக்கு எவ்ளோன்னு எழுதி வாங்குங்க, வீட்டுக்காரங்க பல பேரு 4,000 டாங் வரைக்கும் போடறாங்க, ஏ.சி. போட்டு தூங்குனா வாடகைக்கு மேல அது கடிக்கும். ரெண்டு மாச அட்வான்ஸ் கேட்டாங்க, சாமான் எல்லாத்தையும் வீடியோ எடுத்து அவங்களுக்கே அனுப்பி வெச்சா திருப்பி வாங்கும்போது பேச்சு வராது.

பணம் குடுக்குறப்ப 20 ஆயிரம் நோட்டும் 5 லட்சம் நோட்டும் ரெண்டுமே நீலம், இருட்டுல ஒண்ணாத்தான் தெரியும், தனித்தனி பையில வெச்சுக்கோங்க. டீக்கடை வரைக்கும் கியூ.ஆர். இருக்கு, ஆனா நாங்க போனப்ப அதுக்கு அந்த ஊர் பேங்க் அக்கவுன்ட் வேணும்னாங்க, நம்ம யு.பி.ஐ ஓடல. இந்திய சிம்ம கழட்டி வெச்சிடாதீங்க, பேங்க் ஓ.டி.பி எல்லாம் அதுலதான் வரும், கிளம்புறதுக்கு முன்னாடியே ரோமிங் ஆன் பண்ணிடுங்க. இங்க எடுத்த மெடிக்ளெய்ம் பாலிசி பெரும்பாலும் அங்க செல்லாது, தனியா எடுக்கணும். டெங்கு அங்கயும் இருக்கு, கொசுவலை இல்லாத ஜன்னல்னா வீட்டுக்காரர போடச் சொல்லுங்க.

பேசத் தெரியலையேன்னு பயந்துக்கிட்டே போனோம், ஆப்ப வெச்சே ஓட்டிட்டோம். பாத்த உடனே வயசு கேப்பாங்க, கோச்சுக்காதீங்க, அக்காவா தங்கச்சியா, அத்தையான்னு முறை வெச்சுத்தான் அவங்களும் கூப்பிடணும், அதுக்குத்தான். வுங் டாவ்ல எங்களுக்கு வீடு காட்டுன அம்மாவுக்கு என்னை விட ரெண்டு வயசு கூட, அது தெரிஞ்சதும் என்னை தங்கச்சியாக்கிட்டு வாடகையில கொஞ்சம் குறைச்சாங்க. மாடி வீடு, பீரோ பின்னாடி சுத்தமா இருந்துச்சு, போலீஸ் பதிவுக்கு சரின்னு சொல்லிட்டாங்க.

ஆனாலும் உடனே அட்வான்ஸ் குடுக்கல. வுங் டாவ்ல மழைக்காலம் மே-ல இருந்து அக்டோபர், நாங்க பாத்தது மழை முடிஞ்ச ஊர. அந்தப் பக்கம் புயல் கம்மிதான், ஆனா 2006 டிசம்பர்ல டுரியன் புயல் அங்கயும் அடிச்சிருக்கு. அதனால வர்ற ஜூன்ல இருந்து மூணு மாசம் அதே வீட்ட எடுத்து இருந்து பாக்குறதுன்னு பேசி வெச்சிருக்கோம், அவருக்கு பிரஷர் மாத்திரை மூணு மாசத்துக்கு எடுத்துட்டு போகணும், டாக்டர் கிட்ட இங்கிலீஷ்ல சீட்டு எழுதி வாங்கணும், அது இன்னும் பாக்கி. ஆகஸ்ட் மழையில அந்த தெருவும் அந்த பீரோ பின்பக்கமும் எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் அடுத்த வருஷத்துக்கு வாடகை பேசுவோம்.